வந்தவரை ஊராராக்குவது யார்?

(பொதுக்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் குடியேற்றச் சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வழக்கமாக வாஷிங்டனில் தொடங்குவார்கள். இல்லாவிட்டால் மெக்சிகோ எல்லையில் எழுப்பிய சுவரில் தொடங்குவார்கள். நான் பென்சில்வேனியாவில் ஹேசில்டன் என்ற மலைநகரத்தில் தொடங்குகிறேன். அந்த நாட்டுப் பழமைவாதிகளின் மனக்குறை எங்கே நியாயமானது, எங்கே தடம் புரள்கிறது என்ற இரண்டையும் அந்த ஓர் ஊரிலேயே பார்த்துவிடலாம்.

ஹேசில்டன் ஒரு நிலக்கரி ஊர். பூமிக்கடியில் இருந்த கரிக்கு விலை இருந்தவரை ஊருக்குக் கவலையில்லை. 1940இல் அங்கே சுமார் 38,000 பேர். பிறகு வீடுகளுக்கு எண்ணெயும் எரிவாயுவும் வந்தன. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. 1956இல் ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு வளர்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். அதற்கு முதலீடு எப்படி வந்தது தெரியுமா? ஆளுக்கு வாரம் 10 சென்ட் என்று ஊர் மக்களிடமே வசூலித்தார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது என்று நாம் சொல்வோமே, அதேதான். நிலம் வாங்கித் தொழிற்பேட்டை அமைத்து, வெளியூர்க் கம்பெனிகளை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள்.

அந்தத் தொழிற்பேட்டைகள்தான் பின்னால் ஊரின் முகத்தையும் மாற்றின. பெரிய கிடங்குகள் வந்தன, இறைச்சி ஆலை வந்தது. கை ஓயாத வேலை. இன்னொரு பக்கம், ஊரின் மக்கள்தொகை 23,000 அளவுக்குச் சுருங்கியிருந்ததால் வீடுகள் மலிவு. 2001க்குப் பிறகு நியூயார்க், நியூஜெர்சி பக்கத்திலிருந்து டொமினிக்கன் குடும்பங்கள் வரத் தொடங்கின. 2000இல் ஸ்பானிய வழியினர் நூற்றுக்கு 5 பேர். 2020இல் நூற்றுக்கு 60க்கும் மேல். இருபது ஆண்டுகள்! ஒரு தலைமுறைகூட முழுதாக ஆகவில்லை. உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் கொஞ்சம் திகைத்துத்தான் போகும். அந்தத் திகைப்பை உடனே இனவெறி என்று சொல்லிவிடுகிறவர்கள் தாங்கள் குடியிருக்கும் தெருவில் அப்படி ஒரு மாற்றத்தைப் பார்த்தவர்களாக இருப்பதில்லை.

2006இல் அந்த ஊர் மேயர் லூ பார்லெட்டா ஒரு நகரச் சட்டம் கொண்டுவந்தார். சட்டவிரோதமாகக் குடியேறியவருக்கு வீடு வாடகைக்கு விட்டால் அபராதம். வேலை கொடுத்தால் கடை உரிமம் ரத்து. நகராட்சியின் மொழி ஆங்கிலம். நாடு முழுவதும் அவர் பெயர் பரவியது. 2007இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தடுத்தது, மேல்முறையீடுகள் தோற்றன, 2014இல் உச்ச நீதிமன்றமும் வழக்கை எடுக்க மறுத்தது. கடைசியில் எதிர்த்தரப்பு வக்கீல்களின் கட்டணத்தையும் அந்த ஏழை நகராட்சியே கட்ட நேர்ந்தது. பார்லெட்டா மட்டும் 2010 தேர்தலில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நூறாண்டு பின்னால் போவோம். ஹேசில்டனை ஒட்டி லாட்டிமர் என்று ஒரு சுரங்கக் குடியிருப்பு. 1897 செப்டம்பர் 10 அன்று வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள், கையில் ஆயுதம் இல்லாமல், அமெரிக்கக் கொடியைப் பிடித்துக்கொண்டு அங்கே ஊர்வலமாகப் போனார்கள். ஷெரீப்பின் ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் செத்தார்கள். பலருக்குக் குண்டு முதுகில் பாய்ந்திருந்தது. செத்தவர்கள் ஸ்லோவாக்கியர், போலந்துக்காரர், லிதுவேனியர். சுட்டவர்கள்மீது வழக்கு நடந்தது. ஜூரி விடுதலை செய்துவிட்டது. அப்போதைய ஆங்கிலேய, ஜெர்மானிய வழியினரின் கண்ணில் இந்த ஸ்லாவியர்கள் குடியும் கும்பலுமாகத் திரியும், ஒருபோதும் அமெரிக்கர் ஆக முடியாத கூட்டம். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் வாழ்ந்த வட்டாரம்தான் 2006இல் பார்லெட்டாவுக்குப் பின்னால் நின்றது.

இதைச் சொன்னதும் தாராளவாதிகள் கைதட்டுவார்கள்: "பார்த்தீர்களா, என்ன நயவஞ்சகம்!" எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. 1897இல் சுடப்பட்டவர்களின் பேரன் எப்படி இவ்வளவு உரிமையோடு "இது என் ஊர்" என்று சொல்கிறவன் ஆனான்? அது தானாக நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு மாதா கோயில் இருந்தது, கோயிலை ஒட்டி ஒரு பள்ளிக்கூடம். சுரங்கத்தில் யுனைடெட் மைன் ஒர்க்கர்ஸ் சங்கம் இருந்தது. 1902 வேலைநிறுத்தத்தில் சங்கத் தலைவர் ஜான் மிட்செல் ஒன்றுக்கொன்று மொழி புரியாத தொழிலாளர்களை ஐந்து மாதம் ஒரே அணியில் நிறுத்திக் காட்டினார். தீயணைப்புத் தொண்டர்படை, பேஸ்பால் குழு, வட்டச் செயலாளர் மாதிரி வீட்டுவாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்கும் கட்சிக்காரன், எல்லாரும் இருந்தார்கள். பழமைவாதிகள் தொழிற்சங்கத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் ஸ்லாவியனை அமெரிக்கனாக்கியதில் அரசியல் சட்டத்துக்கு எவ்வளவு பங்கோ, அந்தச் சங்கத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

பழமைவாதத்தில் நான் மதிக்கிற பகுதி இங்கேதான் இருக்கிறது. 1831இல் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த பிரெஞ்சுக்காரர் தொக்வில் வியந்தது அந்த நாட்டின் குடியரசுத் தலைவரைப் பார்த்து அல்ல. எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் சேர்க்கும் பழக்கத்தைப் பார்த்து. 1953இல் ராபர்ட் நிஸ்பெட் என்ற சமூகவியலாளர் ஓர் எச்சரிக்கை விடுத்தார்: குடும்பம், கோயில், ஊர், தொழிற்குழு என்ற நடுத்தர அமைப்புகள் தேய்ந்தால் மனிதன் சுதந்திரமாகிவிட மாட்டான், தனியாக நின்று, தலைக்குமேல் இருக்கும் அரசைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். 1995இல் ராபர்ட் புட்னம் கட்டுரையாகவும் 2000இல் புத்தகமாகவும் அந்தத் தேய்வைக் கணக்குப்போட்டுக் காட்டினார். பௌலிங் விளையாடுகிறவர்கள் குறையவில்லை. குழு சேர்ந்து விளையாடுகிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

அதே புட்னம் 2007இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்றுவரை சர்ச்சைக்குரியது. சுமார் 30,000 பேரிடம் கேட்டதில், பல இனத்தவர் கலந்து வாழும் இடங்களில் மக்கள் அடுத்த இனத்தவரை மட்டுமல்ல, தங்கள் இனத்தவரையும் குறைவாகவே நம்புகிறார்கள் என்று தெரிந்தது. ஆமை ஓட்டுக்குள் சுருங்குவதுபோல எல்லாரும் வீட்டுக்குள் சுருங்குகிறார்கள். பழமைவாதிகள் இதைக் கொண்டாடினார்கள். அதே கட்டுரையில் புட்னம் சொன்ன மறுபாதியை, அதாவது காலப்போக்கில் புதிய பொது அடையாளம் உருவாகும், முன்பும் உருவாகியிருக்கிறது என்பதை, அவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. தன் ஆய்வை இப்படிப் பயன்படுத்துவதை அவர் கடுப்பாகி மறுத்தும் பார்த்தார். ஆனால் அந்த மறுபாதியும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: உருவாக்குவதற்கு ஆள் வேண்டும், இடம் வேண்டும்.

அந்த ஆளும் இடமும் இல்லாத வெற்றிடத்தில் நுழைவது பரப்புரை. அதற்கு வருகிறேன். பரப்புரை என்றால் நமக்குக் கோயபல்ஸ் ஞாபகம் வரும். அவருக்கு முன்பே அமெரிக்கா அதைத் தொழிலாகச் செய்தது. 1917 ஏப்ரலில், முதல் உலகப்போரில் இறங்கிய சில நாட்களிலேயே, குடியரசுத் தலைவர் வுட்ரோ வில்சன் ஒரு தகவல் குழு அமைத்து ஜார்ஜ் கிரீல் என்ற பத்திரிகைக்காரரைத் தலைவராக்கினார். சினிமாக் கொட்டகையில் படச்சுருள் மாற்றும் நேரத்தில் எழுந்து நான்கு நிமிடம் போருக்கு ஆதரவாகப் பேச, நாடு முழுவதும் 75,000 தொண்டர்களை அந்தக் குழு நிறுத்தியது. விளைவு? ஜெர்மன் முட்டைக்கோஸ் ஊறுகாய்க்குச் சுதந்திர முட்டைக்கோஸ் என்று பெயர் மாற்றினார்கள். அது சிரிப்பு. 1918இல் அயோவா ஆளுநர், பொது இடத்திலும் ரயிலிலும் தொலைபேசியிலும் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று ஆணையிட்டார். அதே ஆண்டு இல்லினாய்ஸில் ஒரு ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளியைக் கும்பல் தூக்கில் போட்டது. இவை சிரிப்பில்லை. கிரீலின் குழுவில் வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ், 1928இல் பரப்புரை என்ற பெயரிலேயே புத்தகம் எழுதி, மக்கள் மனத்தைத் திரைமறைவிலிருந்து திருப்பிவிடுவது ஜனநாயகத்துக்கு அவசியம் என்று கூச்சமில்லாமல் வாதிட்டார்.

படித்தவர்கள் கூடி ஜனங்களின் எண்ணத்தை நிர்வகிப்பது: அமெரிக்கப் பழமைவாதி இன்று பல்கலைக்கழகத்தையும் பெரிய நாளிதழ்களையும் பார்த்து எரிச்சல்படுவதன் வேர் இதில் இருக்கிறது. 1962இல் ழாக் எல்லூல் என்ற பிரெஞ்சு அறிஞர் இதை ஒரு படி மேலே கொண்டுபோனார். பரப்புரைக்கு எளிதில் வசப்படுகிறவன் பாமரன் அல்ல, நிறையப் படிக்கிறவன்தான் என்றார். எல்லாவற்றையும் பற்றி ஒரு கருத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறான். எதையும் நேரில் பார்த்திருக்க மாட்டான். கருத்தை வெளியிலிருந்து வாங்கித்தான் ஆக வேண்டும். இன்னொன்றும் சொன்னார்: சங்கமும் ஊரும் குடும்பமும் இல்லாமல் தனித்து நிற்பவனிடம்தான் பரப்புரை பலிக்கும். நிஸ்பெட் அழுததும் எல்லூல் எச்சரித்ததும் ஒரே ஆளைப் பற்றித்தான்.

அந்த ஆளிடம் மேலிடம் பேசிய பேச்சுகளைக் கொஞ்சம் பார்ப்போம். 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலையின் அடியில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இது புரட்சி ஒன்றும் இல்லை, உங்கள் அன்றாட வாழ்வை மாற்றாது என்று உறுதியளித்தார். 1970இல் வெளிநாட்டில் பிறந்தவர்கள் 96 லட்சம், நூற்றுக்கு 4.7, 2023இல் ஏறத்தாழ 4.78 கோடி, நூற்றுக்கு 14. பொய் சொன்னாரா என்றால், இல்லை, அவருக்கே தெரியவில்லை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. திறமைக்கு முதலிடம் கொடுக்க இருந்த மசோதாவைத் திருப்பிக் குடும்ப உறவுக்கு முதலிடம் வாங்கித் தந்தவர் மைக்கேல் ஃபீகன் என்ற பழமைப்போக்குள்ள உறுப்பினர். ஐரோப்பியர்தானே உள்ளே இருக்கிறார்கள், அவர்களின் அண்ணன் தம்பிதானே வருவார்கள் என்பது கணக்கு. ஐரோப்பிய அண்ணன் தம்பிகள் அவ்வளவாக வரவில்லை. மற்றவர்களின் அண்ணன் தம்பிகள் வந்தார்கள்.

1986இல் ரொனால்ட் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதைவிட ஆழமான காயம். சட்டவிரோதமாக இருந்தவர்களில் சுமார் 27 லட்சம் பேருக்குச் சட்ட அந்தஸ்து. பதிலுக்கு, இனிமேல் அப்படிப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கும் முதலாளிக்குத் தண்டனை. முதல் பாதி நடந்தது. இரண்டாம் பாதி காகிதத்தில் தங்கியது. போலி ஆவணத்தை முதலாளி கண்ணை மூடிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும் என்றாயிற்று. 2007இல் சட்டவிரோதமாக இருந்தவர்கள் 1 கோடியே 20 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். "முதலில் மன்னிப்பு, அப்புறம் எல்லைக் காவல்" என்று யார் சொன்னாலும் ஒரு பழமைவாத வாக்காளர் எழுந்து போய்விடுகிறார் என்றால், அதற்கு மூடத்தனம் காரணமில்லை. அவர் ஒருமுறை நம்பிப் பார்த்தவர். ஆனால் 1986இல் அவரை ஏமாற்றியது யார்? குறைந்த கூலிக்கு ஆள் தேடிய தொழிலதிபர்களும் அவர்கள் சொல்லைத் தட்டாத அவருடைய சொந்தக் கட்சியும்தான். இதை அவருக்குச் சொல்லும் வானொலி நிலையம் எதுவும் இல்லை.

வானொலி என்றேன். சர்ச்சைக்குரிய விஷயத்தில் இரு தரப்பையும் ஒலிபரப்ப வேண்டும் என்று 1949இல் வந்த விதியை 1987இல் எடுத்துவிட்டார்கள். மறு ஆண்டே பழமைவாத வானொலிப் பேச்சாளர் ரஷ் லிம்பாவின் குரல் நாடு முழுவதும் கேட்கத் தொடங்கியது. ஊர்ப் பத்திரிகைகளோ 2005க்குப் பிறகு மூன்றில் ஒன்றுக்கு மேல் நின்றுபோயின. நகராட்சிக் கூட்டத்தில் என்ன முடிவாயிற்று என்று எழுத ஆளில்லை. எல்லையில் என்ன நடக்கிறது என்று கத்த நூறு பேர். செய்தி ஊடகத்தை ஓரளவாவது நம்புகிறோம் என்று 1976இல் நூற்றுக்கு 72 பேர் காலப் நிறுவனத்திடம் சொன்னார்கள். 2025இல் 28 பேர்.

இந்த வெற்றிடத்தில் என்ன முளைக்கும் என்பதற்கு ஒஹாயோவின் ஸ்பிரிங்ஃபீல்ட் சாட்சி. ஏறத்தாழ 58,000 பேர் வாழ்ந்த, தொழிற்சாலைகளை இழந்து சோர்ந்துபோன நகரம். சில ஆண்டுகளில் 12,000 முதல் 15,000 ஹைட்டியர் வந்தார்கள், சட்டப்படியே வந்தவர்கள், வேலைக்கு வந்தவர்கள். வாடகை ஏறியது, மருத்துவமனையில் வரிசை நீண்டது, பள்ளியில் மொழிபெயர்ப்பாளர் போதவில்லை. 2023இல் ஹைட்டியர் ஒருவர் ஓட்டிய வண்டி மோதிப் பள்ளிப் பேருந்து கவிழ்ந்து ஒரு சிறுவன் இறந்தான். பேசுவதற்கு உண்மையான குறைகள் இருந்தன. 2024 செப்டம்பர் 10 அன்று, லாட்டிமர் நினைவு நாளிலேயே, தொலைக்காட்சி விவாதத்தில் டொனால்ட் டிரம்ப் சொன்னது என்ன? அங்கே நாயையும் பூனையையும் பிடித்துத் தின்கிறார்கள் என்றார். ஆதாரம் எதுவும் இல்லை என்று நகர நிர்வாகம் சொன்னது. அந்த ஊரிலேயே பிறந்த குடியரசுக் கட்சி ஆளுநர் மைக் டிவைன் மறுத்தார், ஹைட்டியர்களுக்கு ஆதரவாக எழுதினார். இறந்த சிறுவனின் தந்தை நகர மன்றத்தில் நின்று, என் மகன் சாவை உங்கள் அரசியலுக்கு எடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். பள்ளிகளுக்கும் நகராட்சிக்கும் முப்பதுக்கு மேற்பட்ட வெடிகுண்டு மிரட்டல்கள் வந்தன. வாடகை? மருத்துவமனை? அவற்றைப் பற்றி அதற்குப்பின் யாரும் பேசவில்லை. ஊடகம் நம் ஊர்க் கஷ்டத்தை மறைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த இயக்கம், ஒரே வாக்கியத்தில் அந்தக் கஷ்டத்தைத் தானே மறைத்துவிட்டது. ஆளுநர் டிவைன் செய்ததுதான் பழமைவாதிக்குரிய காரியம் என்று நான் கருதுகிறேன்: அண்டை வீட்டானைப் பற்றிய செய்தி தொலைக்காட்சியிலிருந்து வந்தால், முதலில் அண்டை வீட்டைப் போய்ப் பார்ப்பது.

பழமைவாதிகளிடம் வேறொரு வாதமும் உண்டு. 1924 முதல் 1965 வரை கதவு பெரும்பாலும் மூடியிருந்தது, அந்த இடைவெளியில்தான் இத்தாலியனும் ஸ்லாவியனும் கலந்தார்கள், இப்போதும் அப்படி ஓர் ஓய்வு வேண்டும் என்பார்கள். எண்ணிக்கைக்கும் வேகத்துக்கும் எல்லை வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன். 1924 சட்டத்தை மாதிரியாகக் காட்டுவதை ஏற்க முடியாது. அது 1890 கணக்கெடுப்பைத் தேடிப்பிடித்து, அதில் ஒவ்வொரு நாட்டவருக்கும் நூற்றுக்கு 2 என்று அளந்தது. ஆசியருக்கு அதுவும் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் சேவை செய்த பகத் சிங் திண்ட் வெள்ளையர் அல்லர், எனவே குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. படையில் சேர்ந்தவனையே சேர்க்காத சட்டத்துக்குக் கலப்பதில் என்ன அக்கறை இருந்திருக்கும்?

இந்த அரங்கில் பிள்ளைகள் டல்லாஸிலும் எடிசனிலும் இருக்கிற பெற்றோர் பலர் இருப்பீர்கள். 1965 சட்டத்தில் நம் டாக்டர்கள் போனார்கள். 1990 சட்டம் கொடுத்த எச்-1பி விசாவில் நம் மென்பொருள்காரர்கள் போனார்கள். 2024 டிசம்பரில் டிரம்பின் ஆதரவாளர்களே இந்த விசாவுக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டதும், 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பத்துக்கு 1,00,000 டாலர் கட்டணம் வந்ததும் உங்களுக்குத் தெரியும். அவர்களின் வசவுகளை விடுங்கள். பழமைவாதியின் கேள்வியை மட்டும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்: அங்கே கோயில் கட்டினீர்கள், தமிழ்ப் பள்ளி நடத்துகிறீர்கள், நல்லது, ஊர்ப் பள்ளிக் குழுக் கூட்டத்துக்கு ஒருநாளாவது போனீர்களா? போகாததற்கு அவர்களிடம் வலுவான பதிலும் இருக்கும். ஒரு நாட்டவருக்கு நூற்றுக்கு 7 என்ற வரம்பால் பச்சை அட்டைக்குப் பத்தாண்டு, இருபதாண்டு காத்திருக்கிறார்கள். நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவன் எந்தக் கூட்டத்துக்குப் போவான்?

நான் மிகவும் மதிக்கும் குரல் பார்பரா ஜோர்டன். டெக்ஸாஸிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போன கறுப்பினப் பெண், ஜனநாயகக் கட்சிக்காரர். 1993 முதல், 1996 ஜனவரியில் இறக்கும்வரை, குடியேற்றச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஆண்டுக்கு 5,50,000 பேர் என்று சட்டபூர்வக் குடியேற்றத்தைக் குறைக்கச் சொன்னார். கூடவே, வந்தவர்களை அமெரிக்கர்களாக்குவது என்ற பழைய சொல்லை வெட்கப்படாமல் மீண்டும் எடுத்துக்கொண்டார். ஆங்கிலமும் குடிமைப் பாடமும் கற்றுத்தருவது அரசின் கடமை, கற்பது வந்தவரின் கடமை என்றார். அவருடைய எண்ணிக்கைக் குறைப்பு 1996இல் நாடாளுமன்றத்தில் செத்துப்போனது. கொன்றவர்களில் குடியேறியோர் உரிமை அமைப்புகளும் இருந்தன, கம்பெனிகளும் இருந்தன. மசோதாவை இரண்டாக வெட்டியவர் ஒரு குடியரசுக் கட்சி செனட்டர்.

அவர் கேட்ட மறுபாதி, அந்த வகுப்புகள், மெல்ல வந்தது. 2009 முதல் குடியுரிமை வகுப்பு நடத்தும் நூலகங்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் குடியேற்றத் துறை சிறு மானியங்கள் கொடுத்தது. 2025 அக்டோபரில் அதே துறை குடியுரிமைத் தேர்வைக் கடினமாக்கியது: 100 கேள்விகளிலிருந்து 10 கேட்டு 6 சரியாக இருந்தால் போதும் என்றிருந்ததை, 128இலிருந்து 20 கேட்டு 12 சரியாக வேண்டும் என்று மாற்றியது. இதில் எனக்கு மறுப்பில்லை. 2022இல் நடந்த தேசிய மதிப்பீட்டில் அங்கேயே பிறந்த பிள்ளைகளும் சேர்ந்த எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு 22 பேர்தான் குடிமையியலில் தேறிய நிலையில் இருந்தார்கள் என்பதை மட்டும் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறேன். ஆனால் அந்தத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த மானியங்களை 2025 மார்ச்சிலேயே அந்தத் துறை நிறுத்தியிருந்தது. இதற்கு ஒரு பழமைவாத விளக்கம் இருந்தால் கேட்க ஆவலாக இருக்கிறேன். கேள்வி நேரத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று கூட்டத் தலைவர் சொல்கிறார்.